குதிரை விற்ற காசில் ஒரு லென்ஸ்

நவம்பர் பிறந்துவிட்டால் நாரின் ஊரில் ஆண்கள் குதிரையைப் பற்றித்தான் பேசுவார்கள். யார் வீட்டுக் குதிரை கொழுத்திருக்கிறது, எந்தக் கிழமை வெட்டுவது, கூட்டுக்கு யார் யார், விலாக் கொழுப்பு யாருக்கு. குளிருக்குக் குதிரைக்கறி சேர்த்துவைக்காத வீட்டை எங்கள் ஊர் வீடாகவே மதிக்காது. அந்த வருஷம் தெமிர்கான் அண்ணாச்சி மட்டும் லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் அவருக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

நான் கறி வைத்த சம்சா சுடுகிற அடுப்புக்கும் அவருடைய ஸ்டூடியோவுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பதினெட்டு வருஷமாக இந்தப் பக்கம் நான் மாவு பிசைகிறேன். அந்தப் பக்கம் அவர் மனைவி சாயிரா மதினி இருட்டறையில் படம் கழுவுகிறாள். என் அடுப்புச் சூட்டில் அவர்களுடைய படங்கள் காயும். கோடையில் அதே சூட்டில் அவர்களுடைய மருந்துத் தண்ணீர் கெட்டுப்போகும். அன்றைக்கு மதினி சுவரை மூன்று தட்டுத் தட்டுவாள். நான் அடுப்பை அவித்துவிட்டு டிராலிபஸ் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் தெற்கே ஓஷ் பக்கத்து ஆள், பெயர் எர்காஷ். தெற்கத்தியான் என்றால் இங்கே கொஞ்சம் இளப்பம்தான். சம்சா தின்னும்போது மட்டும் யாருக்கும் திசை ஞாபகம் வருவதில்லை.

கறுப்பு வெள்ளைப் படம், அதாவது பாஸ்போர்ட்டுக்கும் கல்லறைக் கல்லில் செதுக்குவதற்கும் எடுக்கிற படம், எல்லாம் மதினி கையால் இங்கேயே ஆகும். கல்யாணக் கலர் ஃபிலிம் சுருள்கள் தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள லேபுக்குப் போகும். அந்த அக்டோபர் கடைசியில் லேபிலிருந்து போன் வந்தது. புது வருஷத்திலிருந்து சுருள் கழுவப்போவதில்லையாம், டிஜிட்டலில் எடுத்துக்கொண்டுவந்தால் அச்சுப்போட்டுத் தருவார்களாம். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு ஸ்டூடியோவுக்கும் என் அடுப்புக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தார். போனார், வந்தார், போனார், வந்தார். எனக்குத் தலை சுற்றியது.

"உக்காரும் அண்ணாச்சி. பாக்குறவன் நீரு என்னமோ களவாண்டுட்டு நிக்கீருன்னு நெனைப்பான்."

"உக்காந்தா மூளை ஓடமாட்டேங்கு."

"நடந்தா மட்டும்?"

"நடந்தா காலாவது ஓடுதுல்லா."

ஒரு வாரத்தில் அவர் மச்சினன் பிஷ்கெக்கிலிருந்து கடை விலைச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதிலிருந்து சண்டை ஆரம்பமானது. அவர்கள் வீட்டில் கொழுத்துக்கொண்டிருந்த குதிரையை விற்றாக வேண்டும், அதில் இருவருக்கும் ஒரே கருத்து. விற்ற காசில் எதை வாங்குவது என்பதில்தான் ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு.

அண்ணாச்சிக்கு நல்ல கனமான ஜப்பான் கேமரா உடல், அதோடு தானே ஃபோகஸ் செய்துகொள்ளும் புது லென்ஸ். குதிரைக் காசு முழுவதும் அதற்கே சரியாகப் போகும். மதினிக்குச் சின்ன பிளாஸ்டிக் உடலே போதும். வீட்டில் பழைய ரஷ்ய லென்ஸ்கள் மூன்று இருக்கின்றன. நடுவே ஒரு வளையத்தை மாட்டிவிட்டால் அவையே அதில் பொருந்தும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். பாதிக் காசு மிஞ்சும். இந்த வழக்கை இரண்டு பேரும் என் கடை வாசலில்தான் நடத்தினார்கள். எனக்கு அதில் ஒரு வரும்படியும் இல்லை. சம்சா கருகியதுதான் மிச்சம்.

"இருக்குற லென்ஸுக்கு என்ன கொறை?" என்றாள் மதினி. "முப்பது வருசமா இந்த ஊரு மூஞ்சியை எல்லாம் அதுதான் எடுத்துருக்கு. கண்ணாடி தேஞ்சா போச்சு?"

"உனக்கு விசயம் புரியலட்டி. டிஜிட்டல்ல உள்ள இருக்குற தட்டு, ஃபிலிமைவிடச் சின்னது. அதே லென்ஸைப் போட்டாலும் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிரும். பத்து பேரு விழுந்த எடத்துல ஆறு பேருதான் விழுவான்."

"அப்பம் பின்னாடி நகந்து நில்லுங்க."

"பின்னாடி சுவரு இருக்கும்."

"கதவைத் தெறந்துட்டு நில்லுங்க."

"நாரின் குளிருல கதவைத் தெறந்துபோட்டு எடுத்தா மாப்பிள்ளைக்கு மூக்குல ஐஸ் தொங்கும். தம்பி எர்காஷு, நீரு சொல்லும்வே. சோப்பு டப்பா மாதிரி ஒரு கேமராவைத் தூக்கிட்டுப் போனா கல்யாண வீட்டுல எவன் மதிப்பான்?"

"படம் நல்லா இருந்தா மதிப்பான்," என்றாள் மதினி. "கேமராவையா சட்டம் போட்டு மாட்டப்போறான்?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் நியாயம் சொன்னவன் இரண்டு வீட்டிலும் டீ குடிக்க முடியாது.

மறுநாள் அண்ணாச்சி தனியாக வந்தார். சம்சாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார். அப்புறம் என் ரொட்டிக் கூடையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைத் தொட்டுச் சொல்லும். யாருட்டயும் சொல்லமாட்டேன்னு."

ரொட்டி மேல் ஆணை என்றால் விளையாட்டில்லை. அதிலும் நான் அடுப்புக்காரன். அதை மீறினால் மாவு எப்படிப் பொங்கும்? சொன்னேன்.

"வலது கண்ணுல பால் ஊத்துன மாதிரி இருக்கு. ரெண்டு வருசமாச்சு. இப்பம் எடதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு."

"பின்ன எப்பிடி அண்ணாச்சி படம் எடுக்கீரு?"

"காலால எடுக்கேன். ஆளை நிப்பாட்டிட்டு ஆறு எட்டு வச்சுப் பின்னால வருவேன். லென்ஸு மேல தூரம் எழுதிருக்கும்லா, அதைத் தடவி அங்க வைப்பேன். பளிச்சுனு ஃப்ளாஷைப் போட்டா முன்ன பின்ன எல்லாம் தெளிவா விழுந்துரும். வெளிச்சம் கம்மியா இருந்தாத்தான் ஆபத்து."

"மதினிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தொழிலை விடும்பா. கண்ணு தெரியாத போட்டோக்காரன்னா ஊருல சிரிப்பாணி ஆயிராதா? அந்தப் புது லென்ஸு தானாப் பாத்துக்கும்வே. அதுக்குக் கண்ணு இருக்கு. அதுக்காவத்தான் கேக்கேன், இதை என் வீட்டு மூதிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

அவர் சம்சாவைத் தின்னாமலே வைத்துவிட்டுப் போனார். இவ்வளவு நாள் அவர் அளந்து அளந்து நடந்ததை நான் நாட்டாமைத்தனம் என்று நினைத்துக் கேலி பண்ணியிருக்கிறேன்.

இதை இரண்டு நாள் தூக்கிச் சுமந்தேன். மூன்றாம் நாள் மதினி வந்தாள். அவளும் நேரே ரொட்டிக் கூடையில்தான் கைவைத்தாள்.

"மதினி, வேண்டாம்," என்றேன். "என் கூடையில ரொட்டி மிஞ்சாது போலுக்கே."

"வெளையாடாத தம்பி. பிடி." பிடித்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவுகளுக்குக் கண்ணு போச்சு."

நான் ஒன்றும் தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். எப்படி வைத்தேனோ தெரியாது.

"படம் கழுவுறவளுக்குத் தெரியாம இருக்குமா? ரெண்டு வருசமா நாலு படத்துல மூணு கலங்கலா வருது. நான் யாருட்டயும் காட்டுறதில்ல. கண்ணைச் சிமிட்டிட்டீக, இன்னொண்ணு எடுக்கணும்னு சொல்லி ஆளை மத்தியானம் வரச் சொல்லுவேன். உன்னை எதுக்கு மத்தியானம் அவுகளுக்கு ரெண்டாவது கோப்பை டீ குடுத்து உக்கார வைன்னு சொல்லுவேன்? அந்த அரை மணிக்கூறுல நான் எடுத்துருவேன்."

இரண்டு வருஷமாக நான் ஊற்றிய டீயை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஸ்டூடியோ ஜன்னலில் அவர் பெருமையாக மாட்டிவைத்திருந்த படங்களில் எது அவருடையது, எது அவளுடையது என்று அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியாகப் பார்க்கவே முடியவில்லை.

"பிஷ்கெக்ல பெரிய ஆஸ்பத்திரில கேட்டுட்டேன்," என்றாள். "கீறி அந்தப் பாலை எடுத்துட்டு, கண்ணுக்குள்ளயே சின்னதா ஒரு லென்ஸு வைக்காகளாம். டிசம்பர்ல நாள் குடுத்துருக்காக. கேமராவுல மிச்சம் பிடிச்சாத்தான் அதுக்குக் காசு. இருக்குறது ஒரே ஒரு குதிரை."

"அண்ணாச்சிட்டயே சொல்லிரலாம்லா மதினி?"

"சொன்னா? 'எனக்கு என்ன, நல்லாத்தான் தெரியுது'ம்பாக. உனக்கு அவுகளைத் தெரியாதா? சொன்ன அன்னைக்கே கேமராவைத் தூக்கி மூலையில வச்சிருவாக. மொதல்ல காசு கையில நிக்கட்டும். பொறவு சொல்லுதேன்."

ஒரே வீட்டு ரகசியம் இரண்டு என் வயிற்றில் கிடந்து ஒன்றை ஒன்று முட்டின. சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் தீரும் வழக்கு. ஆனால் ரொட்டி. அந்த வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது, மாவில் இரண்டு முறை உப்புப் போட்டேன். வாடிக்கைக்காரர்கள் தெற்கத்தியான் புத்தியைக் காட்டிவிட்டான் என்றார்கள்.

குதிரை விற்ற மறுநாள் மூன்று பேருமாகப் பிஷ்கெக் புறப்பட்டோம். எனக்கு ஜீரகம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். டோலோன் கணவாயில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டாக்சிக்காரன் ஒரு கையால் ஓட்டி ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்தான். முன் ஸீட்டில் அண்ணாச்சி முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தார். அவர் ஆட்டிய ஆட்டத்தில் பின்னால் இருந்த எனக்கு டீ கொட்டியது. மதினி காசை உள்பாவாடைப் பையில் வைத்து ஊசி குத்தியிருந்தாள். அதனால் தீர்ப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது.

கேமராக் கடைப் பையன் திமா ரஷ்யப் பையன், பொறுமைசாலி. கண்ணாடி மேஜை மேல் பெரிய உடலையும் சின்ன உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அண்ணாச்சி பெரியதை எடுத்தார். கையில் அது உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே. புது லென்ஸை மாட்டி எங்களை நோக்கித் திருப்பினார். லென்ஸுக்குள் என்னமோ சிணுங்கியது, பிறகு சின்னதாக ஒரு சத்தம். படத்தைத் திமா பின்பக்கத் திரையில் காட்டினான். என் மூக்கில் ஒட்டியிருந்த மாவு வரை தெரிந்தது.

"பாத்தியா?" என்றார் அண்ணாச்சி மதினியிடம். குரல் கெஞ்சியது. "நான் ஒண்ணுமே செய்யல. தானாச் செய்யுது."

"தானாச் செஞ்சா நீங்க எதுக்கு? அதையே கல்யாணத்துக்கு அனுப்பிரலாமே."

திமா சிரிப்பை அடக்கிக்கொண்டான். மதினி வீட்டுப் பழைய லென்ஸ் ஒன்றைத் துணியிலிருந்து அவிழ்த்து, வளையத்தோடு சின்ன உடலில் மாட்டச் சொன்னாள். மாட்டினான். அவள் அதைக் கண்ணில் வைத்து, விரலால் மெதுவாகத் திருகி, திமாவையே ஒரு படம் எடுத்தாள். அவன் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அக்கா, எங்க அம்மாவுக்கு அனுப்பணும். எனக்கு இந்தப் படம் வேணும்," என்றான். பிறகு கடைக்காரனாக மாறி ஒரு எச்சரிக்கையும் சொன்னான். "உங்க பழைய ஃப்ளாஷை மட்டும் இதுல மாட்டிராதீங்க. அதுல வர்ற கரண்டு இந்த கேமராவைப் பொசுக்கிரும்."

அண்ணாச்சியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஃப்ளாஷ் போனால் அவருடைய ஆறு எட்டுக் கணக்கும் போயிற்று.

"அப்பம் பெருசுதான் எடுக்கணும்," என்றார். "இவனே சொல்லுதான்லா."

"ஜன்னல் வெளிச்சம் போதும். எனக்கு மிச்சக் காசு வேணும்."

"எதுக்கு?"

"பொம்பளைக்கு ஆயிரம் இருக்கும்."

"என்னட்டச் சொல்லக்கூடாத ஆயிரமா?"

"நீங்க மட்டும் எல்லாத்தையும் என்னட்டச் சொல்லிட்டீகளாக்கும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேஜைக்குள் இருந்த பேட்டரிகளை எண்ணினேன். இப்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் கதறினேன். யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சி பெரிய உடலை மேஜை மேல் வைத்தார், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி. சின்னதே வாங்கினார்கள். திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சி முழங்காலைக்கூட ஆட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து நாளில் ஜானிபெக் மகன் கல்யாணம் வந்தது. ஆற்றங்கரைத் தெருவில் அவன் வீடு. எண்பது சம்சா எனக்குச் சொல்லியிருந்தார்கள், அதனால் நானும் அங்கே இருந்தேன். முற்றத்தில் கறி வெந்துகொண்டிருந்தது. உள்ளே பெரிய அறையில் மாப்பிள்ளையின் சொந்தமெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூலையில் வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் மணப்பெண், வெள்ளைத் தலைத்துணி கட்டி, மூன்று நாள் அங்கேதான். அவள் முகத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முகம்பார்க்கும் காசு வைத்தாக வேண்டும். திரைக்கு இரண்டு பக்கமும் மாப்பிள்ளையின் மதினிமார் இருவர் சுங்கச்சாவடி மாதிரி நின்றார்கள். எவ்வளவு வைத்தாலும் "குறைச்சலா இருக்கு" என்பதுதான் அவர்களுடைய ஒரே பாட்டு.

போட்டோக்காரருக்கு மட்டும் எங்கள் ஊரில் காசு கிடையாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பார்த்ததாக ஆகாது என்று எந்தக் காலத்திலோ யாரோ தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். படம் கைக்கு வருவதற்குள் திரையும் அவிழ்ந்திருக்கும், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அண்ணாச்சி திரைக்குள் போனார். ஆறு எட்டு வைக்க அங்கே இடம் இல்லை. இரண்டு எட்டு வைத்தாலே பாய் அடுக்கு இடிக்கும். ஃப்ளாஷும் இல்லை. சின்ன ஜன்னல் ஒன்று, அதில் பாதி பனி. உள்ளே பத்து நிமிஷம் இருந்தார். நான் சம்சாத் தட்டோடு வாசலிலேயே நின்றேன். வெளியே வந்தவரின் நெற்றியில் வேர்வை. ஆனால் முகத்தில் ஒரு தெம்பும் இருந்தது. எடுத்துவிட்டோம் என்று அவரே நம்பிவிட்டார்.

மாப்பிள்ளையின் அத்தை குமுஷ் எதிரே உட்கார்ந்திருந்தாள். வாய்க்குப் பேர்போனவள், ஊரில் நாய்கூட அவளைப் பார்த்தால் குலைக்காமல் ஒதுங்கும்.

"என்னமோ புது கேமராவாம்லா தெமிர்கான்? எடுத்த ஒடனே படம் தெரியுமாம்லா? எங்க, காட்டு பாப்போம்."

அண்ணாச்சி பெருமையாகக் கேமராவின் சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான். மதினிமார் இரண்டு பேரும் பாய்ந்து வந்தார்கள்.

"பாத்தாச்சு, அத்தை பாத்தாச்சு. காசை எடுங்க."

"இதுக்கா? இது பொம்மைல்லா?"

"பொம்மையோ கிம்மையோ, மூஞ்சி மூஞ்சிதான். எடுங்க அத்தை."

அறை முழுவதும் சிரிப்பு. குமுஷ் விடுகிற ஆளா? கேமராவைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள்.

"ஏட்டி, நீங்க என்ன ஏமாத்துதீகளா? இதுல மூக்கு எங்க, முழி எங்க? பால்ல விழுந்த மாவு மாதிரி வெள்ளையா என்னமோ இருக்கு. இதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

"அடுத்தது பாருங்க அத்தை," என்றார் அண்ணாச்சி. ஒரு பொத்தானை அழுத்தினார்.

"இதுவும் மாவுதான்."

"அடுத்தது."

"இது ரெண்டு மாவு."

சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் ஜானிபெக் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பார்த்தான். "அண்ணே, இது என் மகன் கல்யாணம்," என்று மட்டும் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

சாயிரா மதினி பையும் கையுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"பழைய லென்ஸுங்க. நான்தான் இதை மாட்டச் சொன்னேன், அவுக அப்பமே வேண்டாம்னாக. என் தப்புதான். இந்தா, வேற லென்ஸு இருக்கு, மாத்திட்டா சரியாயிரும்."

அண்ணாச்சி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"லென்ஸு மேல பழியைப் போடாத. அது நல்ல லென்ஸு." பிறகு ஜானிபெக்கைப் பார்த்து, முகம் எங்கே என்று தேடுகிறவர்போல் கொஞ்சம் தலையைச் சாய்த்து, சொன்னார். "தம்பி, எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருசமாச்சு. ஒங்கிட்டச் சொல்லிட்டு ஒத்துக்கிட்டிருக்கணும். சொல்லல."

அந்த அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். முற்றத்தில் கறிச்சட்டி கொதிப்பது மட்டும் கேட்டது. வெட்கமாக இருந்தது, அவருக்காக இல்லை, எனக்காக.

"எனக்குத் தெரியும்," என்றாள் சாயிரா மதினி.

"என்ன தெரியும்?"

"கண்ணு. ரெண்டு வருசமாத் தெரியும். பொறவு பேசிக்கிடலாம், கழுத்துல இருக்குறதைக் கழட்டுங்க."

அவர் கழற்றவில்லை. அவளே வாரைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு திரைக்குள் போனாள். மதினிமார் அவளைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கேமராவைக் குமுஷிடம் நீட்டினாள். குமுஷ் பார்த்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள்.

"குறைச்சலா இருக்கு," என்றார்கள் மதினிமார்.

"தெமிர்கான்ட காசு கேக்கலியே?" என்று யாரோ ஒருவன் கேட்டான். "அவருந்தான உள்ள போயிட்டு வந்தாரு?"

"அவரு எங்க பாத்தாரு, கோட்டிக்காரா," என்றாள் குமுஷ். "பாக்காதவர்ட்ட என்ன காசு?"

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் தட்டை வைத்துவிட்டு ஓடினேன். ஆற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீரும் தெரிஞ்சுதான் எனக்கு ரெண்டாவது டீ ஊத்துனீரா?" இந்தக் கணக்கை எவ்வளவு சீக்கிரம் போட்டுவிட்டார் மனுஷன். "நான் டீ குடிக்க, அவ படம் எடுக்க. அப்பிடித்தான?"

"ஊத்தும்போது தெரியாது அண்ணாச்சி. பொறவுதான் சொன்னா."

"ஜன்னல்ல இருக்குற படமெல்லாம்?"

"பாதி உம்ம படம்."

"எந்தப் பாதி?"

அதற்குள் மதினி பின்னாலேயே வந்துவிட்டாள். தலைத்துணியில் பனி விழுந்திருந்தது. மூச்சு வாங்கச் சொன்னாள்.

"டிசம்பர் பதினொண்ணு ஆஸ்பத்திரிக்கு நாள். மிச்சக் காசு அதுக்குத்தான். வரமாட்டேன்னு சொன்னீகன்னா இந்த ஆத்துல கேமராவைத் தூக்கிப் போட்டுருவேன்."

"அந்தப் புது லென்ஸு வாங்கிருந்தா நான் இன்னும் பத்து வருசம் எடுத்திருப்பேன்."

"எடுத்திருப்பீக. என்னை யாருன்னு பாக்காமலே எடுத்திருப்பீக."

அவர் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். இரண்டு வாரம் என் கடைப் பக்கம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் குதிரைக்கறி இல்லை. நான் கொடுத்தனுப்பிய கறியை அவர் தொடவில்லை என்று மதினி சொன்னாள். ஸ்டூடியோவை அவளே நடத்தினாள். வந்தவர்கள் எல்லாம் அண்ணாச்சியின் கண்ணைப் பற்றி விசாரித்தார்கள், சிரித்தவன் ஒருத்தன்கூட இல்லை. இதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டுமே என்று எனக்குப் பரபரப்பாக இருந்தது. ஆனால் அவர்தான் நான் வந்தால் எழுந்து உள்ளே போகிறாரே.

டிசம்பர் பத்தாம் தேதி காலை, டாக்சி நிறுத்தத்தில் நான் நின்றேன். அவர் வருவாரா என்று மதினிக்கே நிச்சயம் இல்லை. வந்தார். என் குரல் கேட்டதும், "இந்தச் சவமும் வருதா?" என்றார். எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் வலது கண்ணைக் கீறினார்கள். கட்டோடு ஓர் இரவு. மறுநாள் காலை, நீளமான நடைக்கூடத்தில் ஜன்னல் ஓரமாக அவரை உட்கார வைத்து நர்ஸ் கட்டைப் பிரித்தாள். சொட்டு மருந்து விட்டாள். மெதுவாகத் திறக்கச் சொன்னாள்.

அவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நர்ஸின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பிறகு என்னை.

"வே, நீரு எப்பம் இம்புட்டுத் தொப்பை போட்டீரு?"

"உம்மைப் பாக்கவச்சுத் தின்னு தின்னு வந்ததுதான்."

அவர் சிரிக்கவில்லை. மதினி ஜன்னலின் மறு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் அப்போதுதான் கவனித்தேன்: தலைத்துணிக்கு வெளியே வந்திருந்த முடி முழுவதும் நரை. மருந்துத் தண்ணீர் பட்டு விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இருட்டறையில் நின்று நின்று, யாருக்கும் தெரியாமல் வயசாகியிருந்தாள்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கோட்டுப் பையில் கையைவிட்டுத் துழாவி, ஒரு நோட்டை எடுத்து அவள் கையைப் பிரித்து அதற்குள் வைத்தார்.

"என்ன இது?"

"முகம் பாக்குற காசு."

"கோட்டி பிடிச்சிருச்சா உங்களுக்கு? இருபத்தேழு வருசமாப் பாத்த மூஞ்சி."

"இல்லட்டி. இந்த மூஞ்சியை நான் பாத்ததில்ல."

நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். மதினி அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"குறைச்சலா இருக்கு," என்றாள்.

அவர் மறுபடியும் பைக்குள் கையை விட்டார்.